டி-ஷர்ட் போடுகிறவருக்கு முதல் உயர்ரக வாட்ச் எது?

கேள்வி: வயது 35. அலுவலகத்துக்கே ஜீன்ஸ், டி-ஷர்ட்தான். விடுமுறை நாட்களில் நீச்சல், சைக்கிள். கோட் போடுவது எப்போதாவது ஒருமுறை. விலையுயர்ந்த வாட்ச் ஒன்று வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன். தோல் பட்டை வைத்த மெல்லிய தங்க வாட்ச் வாங்குவதா, குரோனோகிராஃப் வாங்குவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் வாழ்க்கையில் தங்க வாட்ச் பெரும்பாலும் பீரோவுக்குள்தான் இருக்கும். தோல் பட்டை வியர்வையில் சீக்கிரம் நாறும், நீச்சல் குளத்துக்கு ஆகவே ஆகாது. குரோனோகிராஃப் பார்க்க அழகுதான், ஆனால் ஸ்டாப்வாட்ச் போல நேரத்தை அளக்கும் அந்த வசதியை வாங்கியவர்களில் பலர் தொடுவதே இல்லை. வாட்ச் தடிமனாகிவிடும், சர்வீஸ் செலவும் கூடும்.

உங்களுக்குத் தேவை ஸ்டீல் கேஸ், ஸ்டீல் செயின், மூன்று முள், குறைந்தது 100 மீட்டர் நீர்த்தாங்கு திறன். இந்த மீட்டர் கணக்கில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 30 மீட்டர் என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழம் வரை போகலாம் என்று அர்த்தமில்லை, அது சோதனைக்கூடத்தில் அசையாத நிலையில் கொடுக்கும் அழுத்தத்தின் கணக்கு, நிஜத்தில் கை கழுவுவதற்கும் மழைத் தூறலுக்கும்தான் அது போதும். நீந்துகிறவர் என்பதால் கீ கொடுக்கும் குமிழ் திருகி மூடுவதாக இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் நாளாக நாளாக இறுகிப்போகும், அதனால் வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள்.

அப்புறம் அளவு. எல்லோரும் விட்டத்தை மட்டும் கேட்கிறார்கள். பட்டை மாட்டும் கொம்புகளின் மேல் நுனியிலிருந்து கீழ் நுனி வரை உள்ள நீளம்தான் எனக்கு அதைவிட முக்கியம், மணிக்கட்டின் தட்டையான பகுதியைத் தாண்டி அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு விலை கொடுத்த வாட்சும் இரவல் வாங்கிக் கட்டியது போலத்தான் இருக்கும். பெரும்பாலான கைகளுக்கு 36 முதல் 40 மி.மீ. விட்டம் சரியாக வரும்.

பெயர் சொல்லிக் கேட்டால், ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 36 மி.மீ., டியூடர் பிளாக் பே ஃபிஃப்டி-எய்ட், ஒமேகா அக்வா டெர்ரா, இந்த மூன்றையும் கையில் கட்டிப் பாருங்கள். முதல் இரண்டிலும் தேதி கிடையாது, அது எனக்குப் பிடித்த விஷயம், நின்றுபோன வாட்சை மறுபடி கட்டும்போது நேரத்தை மட்டும் திருத்தினால் போதும். இரண்டுமே முழுக் கீயில் சுமார் 65 முதல் 70 மணி நேரம் ஓடும் என்பதால் வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். நாள் முழுக்க லேப்டாப், ஸ்பீக்கர் பக்கத்தில் இருப்பவர் என்றால் அக்வா டெர்ராவைக் கவனியுங்கள், அவற்றில் உள்ள காந்தம் வாட்சின் ஓட்டத்தைக் கெடுக்கலாம், ஆனால் இப்போது வருகிற அக்வா டெர்ராக்கள் 15,000 காஸ் (காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) வரை தாங்கும். சதுர முகம் பிடிக்குமென்றால் கார்டியே சாண்டோஸ் இருக்கிறது, 1904-ல் விமானி சாண்டோஸ் டூமோனுக்காக உருவான வடிவம், பறக்கும்போது பாக்கெட் வாட்சை எடுத்துப் பார்ப்பது அவருக்குச் சிரமமாக இருந்தது. ஆனால் அதன் பளபள விளிம்பில் கீறல் பளிச்சென்று தெரியும்.

நான் உங்களுக்குச் சொல்வது பிளாக் பே ஃபிஃப்டி-எய்ட். 39 மி.மீ., 200 மீட்டர், நீச்சலுக்குக் கவலையே இல்லை.

இவையெல்லாம் ஆட்டோமேட்டிக், அதாவது கை அசைவிலேயே கீ ஏறுபவை. இப்படிப்பட்ட வாட்ச் தினமும் சில விநாடிகள் முன்பின் போகத்தான் செய்யும். அது கோளாறு இல்லை. 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வீஸ் வரும், அதற்கு இப்போதிருந்தே கொஞ்சம் ஒதுக்குங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பாலிஷ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு பாலிஷிலும் உலோகம் தேய்ந்து விளிம்புகள் மழுங்கும், கீறல் இருந்தால் இருக்கட்டும். கரடுமுரடான மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிற அன்று மட்டும் கழற்றி வையுங்கள்.

கடைக்கு வழக்கமான உடையிலேயே போங்கள். கட்டியபடி கையை மேலே கீழே மடக்கி, குமிழ் புறங்கையில் குத்துகிறதா என்று பாருங்கள். வெயிலில் மணிக்கட்டு கொஞ்சம் பருக்கும், அதனால் செயினை இறுக்கமாக வெட்டிவிட வேண்டாம், கழற்றிய கண்ணிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.