இருபத்தோராவது கூடு

அன்புள்ள ஐயா,

என் அப்பா ஆயுதப்படையில் ஏட்டாக இருந்தவர். பந்தோபஸ்துக்குப் போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்துவிட்டார். உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர் மயானத்தில் காவல்துறை மரியாதை செய்தார்கள். பெட்டி மேல் அவருடைய தொப்பியும் பெல்ட்டும் இருந்தன. 21 குண்டு சுட்டார்கள். பக்கத்து ஊரில் ஒருவருக்கு 30 குண்டாம். அப்பாவுக்கு மட்டும் ஏன் குறைத்தார்கள்? 21 என்பது அக்டோபர் 21 வீரவணக்க நாளைக் குறிக்கிறதா? துப்பாக்கியை ஏன் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்? இதெல்லாம் வெள்ளைக்காரன் சடங்கு, நமக்கெதற்கு என்கிறார் சித்தப்பா.

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சித்தப்பாவை விடுங்கள். பேன்ட் போட்டுக்கொண்டுதானே கேட்டிருப்பார்.

அக்டோபர் 21-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது 1959-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் மத்திய ரிசர்வ் போலீஸார் பத்துப் பேரைச் சீனப் படையினர் சுட்டுக் கொன்ற நாள்.

அப்புறம் இந்த 21, 30. அப்பாவின் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு விரல் மடக்கியா எண்ணினீர்கள்? ஏழு பேர் மூன்று சுற்று சுட்டால் 21, பத்துப் பேர் சுட்டால் 30, சுற்று என்னவோ இரண்டு இடத்திலும் மூன்றுதான். குடியரசு நாளில் தில்லியில் 21 முறை பீரங்கி முழங்குவது வேறு, மயானத்தில் ரைஃபிள் சுடுவது வேறு. நம் பத்திரிகைகள் ‘குண்டுகள் முழங்க’ என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன, நீங்களும் அதைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்கு ஒன்பது குண்டு பாக்கி என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். பழைய ஐரோப்பியச் சண்டைகளில் பிணம் எடுப்பதற்காகப் போரை நிறுத்துவார்களாம், எடுத்தாயிற்று என்பதற்கு அடையாளமாக மூன்று முறை சுடுவார்களாம். மூன்றுக்கு அப்படி ஒரு கதை சொல்வார்கள்.

எண்ணுகிறவர்கள் வேறு ஆட்கள், தம்பி. நான் செல்லூரில் வளர்ந்தவன். எங்கள் வளவில் ஆயுதப்படை பியூகிள்காரர் ஒருவர் குடியிருந்தார், மாமா என்றுதான் கூப்பிடுவேன். வைகை மணலில் உட்கார்ந்து ஊதிப் பழகுவார். எல்லாம் ஊதுவார், சாவுக்கு ஊதுகிற லாஸ்ட் போஸ்ட் மட்டும் ஊதமாட்டார். வீட்டில் அதை முணுமுணுத்தால்கூட அத்தை சண்டைக்கு வந்துவிடும்.

ஒருநாள் தத்தனேரியில் ஒரு ஏட்டையாவை அடக்கம் செய்தபோது நானும் பின்னாலேயே போய்விட்டேன். ஏழு பேர், எல்லார் கையிலும் 303 ரைஃபிள். ஒவ்வொரு சுற்றுக்கும் போல்ட்டை இழுக்க இழுக்க, காலிக் கூடுகள் தெறித்துச் சாம்பலில் விழுந்தன. மாமா ஊதினார், ஊதி முடித்ததும் திரும்பிக்கொண்டு பியூகிளிலிருந்து எச்சிலை உதறினார். சனம் எல்லாம் கலைந்த பிறகும் ஏழு போலீஸ்காரர்களும் முட்டி போட்டுத் தரையைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். வெற்றுத் தோட்டாதான், ஆனால் 21 எடுத்துப் போனால் 21 கூட்டையும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். கிடைத்தது 20. ஒன்று என் டிரவுசர் பையில், இன்னும் சூடாக.

மாமா என்னைத்தான் பார்த்தார். அடிக்கவில்லை, கையை மட்டும் நீட்டினார். கூட்டை வாங்கித் துடைத்தவர், “இது இல்லாட்டி அந்தப் பையன் இன்னிக்கு வீட்டுக்குப் போயிருக்க முடியாதுடா” என்றார். அவர் காட்டிய பையனுக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது. முழங்காலெல்லாம் சாம்பல். செத்தவர் யாரென்றே அவனுக்குத் தெரியாது, காலையில் டியூட்டி போட்டார்கள், வந்துவிட்டான். சுடும்போது ஏழும் ஒரே சத்தமாகக் கேட்டதே, அதற்கு அவன் எத்தனை காலை மைதானத்தில் நின்று பழகியிருப்பான்! உங்கள் ஊருக்கு வந்த ஏழு பேருக்கு ஒரு வாய் காபி கொடுத்தீர்களா என்று கேட்க நினைத்தேன், வேண்டாம், அன்றைக்கு உங்களுக்கு எங்கே நினைவிருந்திருக்கும்.

துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிப்பது துக்கத்துக்கு. அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தத் தொப்பியும் பெல்ட்டும் இப்போது யாரிடம் இருக்கின்றன? அம்மா எடுத்து வைத்திருக்கிறார்களா? எழுதுங்கள்.