எழுத்தும் பக்கமும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்தவற்றில் தமிழ்ப் பக்க வடிவமைப்பு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பதில் தருவது எங்கள் வடிவமைப்புப் பிரிவு.

கேள்வி: வடிவமைப்புக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி நான். முதல் ஆண்டு முழுக்க டைப்போகிராஃபியை, அதாவது அச்செழுத்தை அமைக்கும் கலையை, ஆங்கில எழுத்தை வைத்தே கற்றோம். 10 பாயிண்ட் (ஒரு பாயிண்ட் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு) எழுத்துக்கு 12 பாயிண்ட் லீடிங் (ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள தூரம்), வரிக்கு 60 எழுத்து, வரிகளின் இரு ஓரமும் நேராக நிற்கும் சமன் என்பதெல்லாம் கைவந்த பிறகு, ஒரு தமிழ்ச் சிறுகதையை அதே அளவுகளில் புத்தகப் பக்கமாக்கினேன். வரிகள் முட்டுகின்றன. சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய வெள்ளை இடைவெளி. நான் கற்றது தவறா, அல்லது தமிழ் எழுத்து இதற்கெல்லாம் ஒத்துவராதா?
(கோயம்புத்தூர்)

பதில்: இரண்டும் இல்லை. அந்த அளவுகள் ஆங்கில எழுத்தின் உருவத்திலிருந்து வந்தவை. தமிழுக்கான அளவை நீங்கள் தமிழ் எழுத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

முதலில் உயரத்தைப் பாருங்கள். தமிழில் 'கி', 'கீ' வரிசையின் மேல் வளைவுகளான விலங்குகளும் மெய்யெழுத்தின் புள்ளியும் எழுத்துக்கு மேலே போகின்றன. 'த', 'ந', 'ற', 'ழ' ஆகியவை அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குகின்றன. 'பூ', 'கூ', 'ரு' இன்னும் கீழே போகும். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் ஏறக்குறைய பாதிதான் மேலேறும் அல்லது கீழிறங்கும். தமிழில் பெரும்பாலான சொற்களில் ஏதாவது ஒன்று மேலேயோ கீழேயோ நீளும். மேல்வரியில் ஒரு 'பூ' வந்து, அதற்கு நேர் கீழே ஒரு 'வீ' அமைந்தால் 10க்கு 12 லீடிங்கில் இரண்டும் தொட்டுக்கொள்ளும். அதனால் எழுத்தளவைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு லீடிங் வையுங்கள்: புத்தகத்தில் 11க்கு 16, இதழின் குறுகிய பத்தியில் (column) 10க்கு 14. வரியின் நீளம் கூடினால் லீடிங்கும் சற்றுக் கூட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடும் கண் தடுமாறும்.

இந்த எண்களும் எல்லா எழுத்துருவுக்கும் அப்படியே பொருந்தாது. பாயிண்ட் என்பது எழுத்தின் உயரம் அல்ல, எழுத்து உட்காரும் கட்டத்தின் உயரம். ஒரே 11 பாயிண்டில் ஓர் எழுத்துரு பெரிதாகத் தெரியும், இன்னொன்று சிறுத்துத் தெரியும். 'வீட்டுக்குள் பூனைக்குட்டி தூங்கியது' என்பதைப் பத்து வரிகளுக்கு நிரப்பி, வரிகள் தொடும்வரை லீடிங்கைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தொட்ட இடத்திலிருந்து குறைந்தது 2 பாயிண்ட் கூட்டுங்கள். அந்த எழுத்துருவின் கீழ் எல்லை அதுதான்.

இனி அகலம். 60 எழுத்து என்ற கணக்கை மறந்துவிட்டு டெம்மி அளவுப் புத்தகத்தில் போட்டுப் பார்ப்போம். பக்கம் 140 × 215 மி.மீ. உள்பக்க மார்ஜின் 20, வெளிப்பக்கம் 15, மேலே 18, கீழே 22 விட்டால் எழுத்துப்பகுதி 105 × 175 மி.மீ. பாயிண்டில் ஏறக்குறைய 298 × 496. 16 பாயிண்ட் லீடிங்கில் சரியாக 31 வரிகள். 11 பாயிண்டில் ஒரு தமிழ் எழுத்து சராசரியாக 8 முதல் 9 பாயிண்ட் அகலம் பிடிக்கும். எனவே வரிக்கு 33 முதல் 37 எழுத்து, அதாவது ஐந்து அல்லது ஆறு சொற்கள். பக்கத்துக்கு 155 முதல் 186 சொற்கள் என்றால், 16 பக்க ஃபார்மா (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுப்பு) ஒன்றில் ஏறக்குறைய 2,500 முதல் 3,000 சொற்கள் வரும். உரையாடலும் பத்திப் பிரிவும் அதிகமுள்ள கதையில் இது இன்னும் குறையும்.

நீங்கள் கண்ட வெள்ளை ஓட்டைகளின் காரணமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வரிக்கு ஐந்து சொல் என்றால் இடைவெளிகள் நான்குதான். 'பள்ளிக்கூடத்திலிருந்து' போன்ற ஒரு சொல் வரியில் கொள்ளாமல் அடுத்த வரிக்குப் போனால், 60 பாயிண்ட் வெறுமை மிஞ்சலாம். சமன் செய்யும்போது ஒவ்வோர் இடைவெளிக்கும் 15 பாயிண்ட் கூடுதலாகப் போய்ச்சேரும். இயல்பான இடைவெளியே 3 பாயிண்ட் அளவுதான். ஏ4 இதழ்ப் பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்தால் ஒரு பத்தி 57 மி.மீ. இருக்கும், வரிக்கு மூன்று சொல்லே கொள்ளும். அங்கே சமன் செய்வது வீண் முயற்சி. இரண்டு பத்தியாக்குங்கள், இல்லையென்றால் இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக வைத்து வலப்பக்கத்தை அதன் போக்கில் விடுங்கள். வலப்பக்கம் ஏறி இறங்கி இருப்பதை அழகின்மையாக நினைக்க வேண்டாம். சொல் இடைவெளி வரிக்கு வரி சீராக இருந்தால் படிப்பவருக்கு அது உறுத்தாது.

சமன் செய்தே ஆக வேண்டும் என்றால் சொற்களை வரி முடிவில் உடைக்க வேண்டும். தமிழ் அச்சில் இணைப்புக் குறி இல்லாமலே சொல்லை உடைப்பது நெடுநாள் வழக்கம், நாளிதழ்களில் இன்றும் காணலாம். ஆனால் அதற்கு ஒழுங்கு உண்டு. புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. ஒற்று முந்தைய எழுத்தோடு மேல்வரியிலேயே நிற்க வேண்டும். 'பத்', 'திரிகை' சரி. 'ப', 'த்திரிகை' தவறு. வரி முடிவிலோ தொடக்கத்திலோ ஒற்றை எழுத்தைத் தனியாக விடாதீர்கள். உடைந்த துண்டு வேறு பொருள் தரக் கூடாது: 'பலகாரம்' என்பதை 'பல' என்று நிறுத்தினால் படிப்பவர் ஒரு கணம் ஏமாறுவார். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் டைப் மெனுவின் இன்சர்ட் பிரேக் கேரக்டரில் டிஸ்க்ரிஷனரி லைன் பிரேக் இருக்கிறது; குறி தோன்றாமல் உடைக்க அதைப் பயன்படுத்துங்கள். எழுத்துத் திருத்தம் எல்லாம் முடிந்த பிறகே இதைச் செய்யுங்கள். அதே கோப்பை இணையத்துக்குக் கொடுக்கும்போது இந்தக் குறிகளை நீக்கிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் சொல்லுக்குள் இருந்துகொண்டு தேடலைக் கெடுக்கும்.

கேள்வி: வேர்டில் சரியாகத் தெரியும் தமிழ், இன்டிசைனில் ஒட்டியதும் கொம்பும் காலும் இடம் மாறிக் குழம்புகிறது. எழுத்துருவை மாற்றினாலும் அப்படியே. (மதுரை)

பதில்: எழுத்துருவில் குறையில்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. இன்டிசைனில் எழுத்துகளை வரியாக அமைக்கும் பகுதியான வழக்கமான கம்போசர் அதைச் செய்யாது. பாராகிராஃப் பலகையின் மெனுவில் அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் தனியாக மாற்றிக்கொண்டிருக்காமல் பத்தியின் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் பாராகிராஃப் ஸ்டைலுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். எந்தக் கோப்பும் திறக்காத நிலையில் இதை மாற்றினால், இனி உருவாக்கும் கோப்புகள் எல்லாவற்றுக்கும் அதுவே இயல்பாகிவிடும். கேரக்டர் பலகையில் மொழியையும் தமிழ் என்று மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் சிற்றிதழுக்குப் பழைய எழுத்துருக்களான பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சு செய்த கட்டுரைகள் இன்னும் வருகின்றன. யூனிகோடுக்கு மாற்றினால் பிழைகள் மலிகின்றன. என்ன செய்யலாம்? (யாழ்ப்பாணம்)

பதில்: அந்த எழுத்துருக்களில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளை, அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. ஆகவே கட்டுரைக்குள் உண்மையாகவே ஆங்கிலச் சொல் இருந்தால், மாற்றும் மென்பொருள் அதையும் தமிழாக எண்ணிக் குதறிவிடும். மாற்றுவதற்கு முன் ஆங்கிலப் பகுதிகளைத் தனியே எடுத்து வையுங்கள். மேற்கோள் குறிகளையும் சரிபாருங்கள், பழைய எழுத்துருக்களில் அந்த இடங்களில் சில தமிழ் எழுத்துகளை வைத்திருப்பார்கள்.

மாற்றிய பிறகு முதலில் தேட வேண்டியது துணைக்காலும் 'ர' எழுத்தும் இடம் மாறிய பிழை. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் 'அவர்' என்பதை 'அவா்' என்று தட்டியிருப்பார்கள். துணைக்காலுக்கு மேல் புள்ளியோ விலங்கோ வரும் தமிழ்ச் சொல் கிடையாது. எனவே 'ா்' வரும் இடமெல்லாம் 'ர்', 'ாி' எல்லாம் 'ரி', 'ாீ' எல்லாம் 'ரீ' என்று மொத்தமாக மாற்றிவிடலாம். ஆனால் 'பௌர்ணமி'யை ஒற்றைக்கொம்போடு 'ள' சேர்த்து 'பெளர்ணமி' என்று எழுதியிருப்பதை மொத்தமாக மாற்றாதீர்கள். 'கெளுத்தி' மீன் 'கௌுத்தி' ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்தே திருத்த வேண்டும். சொல்லின் முதலில் 'ஔ' வர வேண்டிய இடத்தில் 'ஒள' இருப்பதும் இதே வகைப் பிழை.

மாற்றாமல் பழைய எழுத்துருவிலேயே பக்கம் அமைப்பதாக இருந்தால் வரி முடிவில் சொல்லைத் தானாக உடைக்கும் ஹைஃபனேஷனைக் கட்டாயம் நிறுத்துங்கள். மென்பொருள் அதை ஆங்கிலமாக நினைத்து ஆங்கில விதிப்படி உடைக்கும். கொம்பு ஒரு வரியின் முடிவிலும் அதற்குரிய எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்திலும் நிற்கும்.

கேள்வி: அழுத்தம் கொடுக்கச் சாய்வெழுத்து போடலாமா? பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்குவது தமிழில் ஏன் எடுபடுவதில்லை? (சென்னை, காட்சித் தொடர்பியல் மாணவர்)

பதில்: மென்பொருள் தானாகச் சாய்க்கும் எழுத்தைத் தவிர்க்கவும். தமிழின் வட்டங்கள் சாயும்போது நசுங்கிப்போகும். போலித் தடிமன் அதைவிட மோசம், 'ண', 'ஞ', 'இ' எழுத்துகளின் உள்வெளி அடைபடும். எழுத்துருவோடு வரும் உண்மையான தடித்த வகையைப் பயன்படுத்துங்கள். அடிக்கோடும் வேண்டாம், 'கு', 'பூ' எழுத்துகளின் கீழ்ப்பகுதியை அது குறுக்கே வெட்டும்.

பெரிய முதலெழுத்து எடுபடும், எழுத்தைப் பார்த்துச் செய்தால். 'கொ' என்பதில் கொம்பு, 'க', கால் மூன்றும் சேர்ந்தே பெரிதாக வேண்டும். 'அ', 'ப', 'ம', 'வ' பெட்டிபோல் நன்றாக அமரும். 'கூ', 'இ', 'தூ' கீழே இறங்கி அடுத்த வரியை இடிக்கும். பத்தி அப்படிப்பட்ட எழுத்தில் தொடங்கி, முதல் சொல்லை மாற்ற எழுத்தாளர் இசையாவிட்டால் பெரிய எழுத்தைக் கைவிட்டு, முதல் மூன்று சொற்களைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

கேள்வி: இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்களில் புத்தகத்துக்கு ஏற்றது எது? (திருநெல்வேலி)

பதில்: நீண்ட வாசிப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ் இரண்டையும் அச்செடுத்து ஒப்பிடுங்கள். டிரோவில் தடித்த வகை இல்லை, உள்தலைப்புக்கு வேறொன்று வேண்டும். முக்த மலர், ஹிந்த் மதுரை ஆகியவை பெட்டிச் செய்திக்கும் பட விளக்கத்துக்கும் பொருத்தம். அனெக் தமிழில் எழுத்தின் அகலத்தையே கூட்டிக் குறைக்கலாம், எனவே நீண்ட தலைப்பை ஒரே வரியில் அடக்க அதுவே எங்கள் தேர்வு. சாதாரண எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கினால் செங்குத்துக் கோடு மெலிந்துவிடும், அதைச் செய்யாதீர்கள். எதைத் தேர்ந்தாலும் முதலில் 'ஸ்ரீ', 'க்ஷ', 'ஷூ', 'ழூ', 'ணை', 'ஔ' தட்டிப் பாருங்கள். குறையுள்ள எழுத்துரு இவற்றில்தான் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: தாத்தாவின் பழைய நூலை மறுபதிப்பாக அமைக்கிறேன். அதில் 'லை', 'னை' தும்பிக்கை போல் மேலே வளைந்த பழைய வடிவில் இருக்கின்றன. அப்படியே வைக்கலாமா? (தஞ்சாவூர்)

பதில்: பெரியார் 1935இல் 'குடிஅரசு' இதழில் கையாண்ட சீர்திருத்தத்தின் வழியில், தமிழ்நாடு அரசு 1978இல் 'ணா', 'றா', 'னா', 'ணை', 'லை', 'ளை', 'னை' உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. யூனிகோடில் இரு வடிவத்துக்கும் குறியீடு ஒன்றே, எழுத்துரு மட்டுமே வேறு. ஆகவே புதிதாகத் தட்டச்சு செய்து இன்றைய வடிவில் போட்டால் பாடம் எந்த வகையிலும் மாறாது. இன்று படிப்பவர்களுக்காக என்றால் அதுவே எங்கள் பரிந்துரை. மூலத்தின் தோற்றத்தையே காட்ட விரும்பினால் பக்கங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து படமாக அச்சிடுங்கள். பழைய வடிவமுள்ள எழுத்துரு கிடைத்து அதில் அமைத்தால், அந்தத் துதிக்கை மேலே எழுவதைக் கணக்கில் கொண்டு லீடிங்கை 1 பாயிண்ட் கூட்டுங்கள்.

கேள்வி: திரையில் கூர்மையாக இருக்கும் எழுத்து அச்சில் மங்கலாக, நிழல் விழுந்தாற்போல் வருகிறது. (சிவகாசி)

பதில்: எழுத்தின் கறுப்பு நான்கு நிறமும் கலந்ததாக இருக்கும். நிறத்துக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகடுகளில் (பிளேட்) ஒன்று இம்மி விலகினாலும் நிழல் தெரியும், தமிழில் புள்ளியும் விலங்கும் முதலில் மங்கும். உரை எழுத்தை 100 விழுக்காடு கறுப்பு மட்டுமாக மாற்றுங்கள். ஃபோட்டோஷாப்பில் எழுத்தை எழுதிப் படமாகக் கொண்டுவந்திருந்தால் அதுவும் காரணம். 300 டிபிஐயில் 9 பாயிண்ட் எழுத்தின் புள்ளி சில படப்புள்ளிகளுக்குள் சுருங்கிக் கரைந்துவிடும். எழுத்தைப் பக்க மென்பொருளிலேயே அமையுங்கள். வண்ணப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் 10 பாயிண்டுக்குக் குறையாமல், நடுத்தரத் தடிமனில் வையுங்கள். மை பரவி மெல்லிய கோடுகளை மூடிவிடும். பிடிஎஃப் அனுப்பும் முன் அச்சகம் பயன்படுத்தப்போகும் தாளில் ஒரு பக்கத்தை 100 விழுக்காடு அளவில் அச்செடுத்துப் பாருங்கள். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) எடையுள்ள, சற்றே மஞ்சளான நேச்சுரல் ஷேடு தாளில் தெரியும் தடிமனும் வழுவழுப்பான ஆர்ட் தாளில் தெரியும் தடிமனும் ஒன்றாக இருக்காது.