அமைதியான ஊர்தான், ராத்திரியில் ஆம்புலன்ஸ் வருமா?

கேள்வி: எனக்கு 67 வயது, மனைவிக்கு 63. பழைய கோட்டையும் கல் வீடுகளும் உள்ள ஒரு சிற்றூரின் ஓரத்தில் மூத்தோர் குடியிருப்பு ஒன்றைப் பார்த்தோம். நூறாண்டு மாளிகையைப் பொதுக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். சத்தம், புகை எதுவும் இல்லை. இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டிவிடலாமா?

பதில்: இந்த மாதம் வேண்டாம். தள்ளுபடி போனால் போகட்டும். நீங்கள் பார்த்ததெல்லாம் இன்றைக்கு நல்லபடியாக நடமாடுகிறவரின் கண்ணோடு பார்த்தது. கார் ஓட்ட முடியாத வயதில் அங்கே எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி.

முதலில் மருத்துவமனை. 'பதினைந்து நிமிடத்தில் மருத்துவமனை' என்று அவர்கள் விளம்பரத்தில் போட்டிருந்தால், அது எந்த மருத்துவமனை என்று கேளுங்கள். பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். இரவிலும் ஸ்கேன் எடுக்கிற இடம் எவ்வளவு தூரம்? இருட்டிய பிறகு ஒருமுறை நீங்களே வண்டியில் போய்ப் பாருங்கள்.

அடுத்தது அந்த மாளிகை. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் என்றால், அனுமதி இல்லாமல் உரிமையாளரே அதில் நினைத்தபடி கை வைக்க முடியாது. லிஃப்ட்டும் சாய்தளமும் 'பிறகு வரும்' என்று சொன்னால் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கையோடு ஒரு அளவு நாடா எடுத்துப் போங்கள். சக்கர நாற்காலி நுழைய வாசலில் 32 அங்குலமாவது இடைவெளி வேண்டும். ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். கூடத்து வாசலை விடுங்கள், குளியலறை வாசலை அளந்து பாருங்கள். பெரும்பாலும் நாற்காலி இடிப்பது அங்கேதான்.

ஒப்பந்தத்தில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். வீடு உங்கள் பேருக்கு வருகிறதா, ஆயுள் வரை குடியிருக்கும் உரிமை மட்டும்தானா? விலகினால் எவ்வளவு திரும்பி வரும், எப்போது? 'அடுத்தவர் குடிவந்த பிறகு' என்று எழுதியிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஒதுக்குப்புறமான ஊரில் அந்த அடுத்தவர் வர வருடக்கணக்கில் ஆகலாம். மாதக் கட்டணம் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் இரண்டு மடங்கு. அப்போது உங்கள் மனைவிக்கு 75 வயதுதான். வருமானம் அதற்கு ஈடு கொடுக்குமா? ஒருவர் படுக்கையில் விழுந்தால் அங்கேயே கவனிப்பார்களா, வேறு இடத்துக்கு அனுப்புவார்களா, மற்றவர் அதே வீட்டில் தொடரலாமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனைப் பிரிவில் வாயால் சொல்வது கணக்கில் வராது. கையெழுத்துக்கு முன் உங்கள் வக்கீல் படிக்கட்டும், அவர்கள் ஏற்பாடு செய்கிற வக்கீல் அல்ல.

அப்புறம், சுற்றுலாக் கூட்டம் இல்லாத காலத்தில் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பு மணியை அடியுங்கள். தப்பில்லை. யார் வருகிறார்கள், செவிலியரா காவலாளியா என்று தெரிந்துவிடும். அங்கே இருப்பவர்களிடம், ஊழியர்கள் பக்கத்தில் இல்லாதபோது, போன வருடம் காலி செய்தவர்கள் ஏன் போனார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: இப்போது இருக்கும் வீட்டை விற்றுத்தான் அங்கே பணம் கட்ட வேண்டும். விற்கலாமா?

பதில்: உடனே வேண்டாம். அங்கே வாடகைக்கு வீடு கிடைத்தால் ஒரு வருடம் இருந்து பாருங்கள். இந்த வீட்டை அதுவரை வாடகைக்கு விடுங்கள். வாடகை ஏற்பாடே கிடையாது என்றால், அதே வசதியோடு வேறு எங்கே இருக்கிறது என்று தேடுவது நல்லது.