வேலையை விடலாமா? பழைய லோன் மேனேஜரின் பதில்கள்

முப்பது வருடம் வங்கியில் சிறுதொழில் கடன் பார்த்தவன் நான். கேள்விகளை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஜாதகம் வேண்டாம்.

கே (ஈரோடு): ஐடி வேலை, மாதம் 62,000 சம்பளம். பேக்கரி வைக்க ஆசை. வேலையை விட்டால்தான் முழுசாக இறங்க முடியும் என்கிறான் நண்பன். வீட்டுப் பத்திரத்தை வைத்து 15 லட்சம் வாங்கலாமா அண்ணா?

ப: தம்பி, வேலையை விடுவதுகூடப் பெரிதில்லை. பத்திரத்தைத் தொடாதீர்கள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன். அப்புறம் 2002ஆம் வருட சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்குள் கட்டாவிட்டால், வழக்குப் போட்டு ஜெயிக்காமலே வங்கி வீட்டை எடுத்து ஏலம் விடலாம். அந்த நோட்டீஸ்களில் கையெழுத்துப் போட்டவன் சொல்கிறேன். கதவைத் திறக்கும் அம்மாவுக்குப் பல சமயம் கடன் வாங்கியதே தெரிந்திருக்காது.

சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், புதிதாக வருபவருக்கு 10 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். அதற்குள் அடங்குகிற கடையாகப் பாருங்கள். பேக்கரிக்கென்று யார் வந்தாலும் நான் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி எத்தனை பன் மிஞ்சும்?" திட்ட அறிக்கையில் லாபம் அழகாக இருக்கும், மிஞ்சிய பன் இருக்காது. உடனே பதில் சொன்னவர்கள் ஏற்கெனவே அடுப்பில் நின்றவர்கள்.

கே (திருச்சி): சினிமாவில் டைரக்டர் ஆக வேண்டும். எப்போது சென்னைக்கு வரலாம்?

ப: என் துறை இல்லை.

கே (தேனி): வீட்டுக்குப் பதில் தோட்டத்துப் பத்திரம் வைக்கலாமா?

ப: விவசாய நிலத்தை சர்ஃபேசியில் எடுக்க முடியாது. அதனால் வங்கியே தயங்கும். ஆனால் வட்டிக்கடைக்காரர் தயங்க மாட்டார். அங்கே போகாதீர்கள்.

கே (சென்னை): பயமுறுத்துகிறீர்கள் சார். கணக்குதான் வாழ்க்கை என்று ராமானுஜன் எல்லாவற்றையும் உதறவில்லையா?

ப: உதறினாரா? 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1913இல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்த பிறகுதான் அந்த நாற்காலியை விட்டு எழுந்தார்.

கே (அதே சென்னை): அதற்கு முன்னால்? கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் கும்பகோணம் காலேஜில் உதவித்தொகையை இழந்தாரே. அது ரிஸ்க் இல்லையா?

ப: சரி, அது ரிஸ்க்தான். அங்கே நீங்கள் ஜெயித்தீர்கள். ஆனால் அவர் வைத்த பணயம் தன் படிப்பு, அடுத்தவர் கூரை இல்லை. 1909இல் கல்யாணம் ஆனபின் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேலை கேட்டு அலைந்ததும் அவர்தான்.

கே (காரைக்குடி): சி.வி. ராமன் அரசாங்க வேலையைத் தூக்கிப் போட்டாரே?

ப: நல்லவேளை, இவரைக் கேட்டீர்கள். 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி. ஆபீஸுக்கு முன்னும் பின்னும் பவ்பஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் சோதனை. 1917இல்தான் சம்பளம் குறைந்த பேராசிரியர் பதவிக்குப் போனார். பத்து வருடம், தம்பி! நடுவில் ரங்கூன், நாக்பூர் மாற்றல் வேறு.

கே (சென்னை): கடைசியில் விட்டாரா இல்லையா சார்?

ப: விட்டார். நானும் விடவே கூடாது என்று சொல்லவில்லையே.

கே (மதுரை): மனைவி பேரில் உள்ள வீட்டை வைத்து...

ப: ஈரோட்டுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே (சேலம்): அப்பா வீட்டை...

ப: மதுரைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே (ஈரோடு): அண்ணா, பன் கணக்கு எழுத என்னிடம் அடுப்பே இல்லையே?

ப: உங்கள் தெருவில் பேக்கரி இருக்குமே. விடிகாலை நாலு மணிக்குப் போய், சம்பளம் வேண்டாம், மாவு பிசைகிறேன் என்று சொல்லுங்கள். ஒன்பது மணி ஆபீஸுக்குக் குளித்துவிட்டே போகலாம். மூன்று மாதம் கழித்து, எத்தனை மிஞ்சியது என்று எனக்கு எழுதுங்கள்.