குவளை மெழுகுவர்த்தி: மெழுகை முதலில் முடிவு செய்யுங்கள், திரியைக் கடைசியில்

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலேயே வாசனை மெழுகுவர்த்தி செய்து விற்கிறேன். உள்விட்டம் 7.5 செ.மீ. உள்ள கண்ணாடிக் குவளையில் சோயா மெழுகு ஊற்றுகிறேன். கடையில் சுருளாகக் கிடைக்கும் நூல் திரியைத்தான் போடுகிறேன். முதலில் நடுவில் மட்டும் ஆழமாகக் குழி விழுந்து, சுற்றிலும் மெழுகு உருகாமல் நின்றது. பருமனான திரிக்கு மாறினேன். முதல் நாளே விளிம்புவரை உருகியது. ஆனால் பாதிக்குக் கீழே போனதும் கண்ணாடியில் கரி படிகிறது, தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. சித்திரை வெயிலில் கூரியரில் அனுப்பியவை மேலே எண்ணெய் கசிந்த நிலையில் போய்ச் சேர்ந்தன. சோயாவை விட்டுப் பாரஃபினுக்கே போய்விடலாமா? எந்தத் திரியை வாங்குவது? ஏற்கெனவே ஊற்றி வைத்திருக்கும் இருபது குவளைகளை என்ன செய்வது?

பதில்: சோயாவை விட வேண்டாம், அதில் கொஞ்சம் பாரஃபின் சேருங்கள். விட வேண்டியது அந்தத் திரிச் சுருளைத்தான்.

மெழுகுவர்த்தியில் எரிவது திரி அல்ல, மெழுகின் ஆவி. உருகிய மெழுகைத் திரி உறிஞ்சி மேலே கொண்டுபோகிறது. சுடரின் சூட்டில் அது ஆவியாகி எரிகிறது. ஆக, திரி ஒரு பம்பு. தேவைக்குக் குறைவாக இறைத்தால் சுடர் சிறுத்து நடுவில் மட்டும் குழி விழும். கூடுதலாக இறைத்தால், வந்து சேரும் ஆவி முழுவதையும் எரிக்கக் காற்று போதாமல் கரி பறக்கும். திரியின் நுனியில் கறுப்பாகக் காளான் முளைத்ததுபோல் ஒரு கட்டி உருவாகும். நீங்கள் இந்த இரண்டு கோடிகளுக்கும் போய் வந்திருக்கிறீர்கள்.

சுருள் திரியில் இரண்டு சிக்கல்கள் உண்டு. அதில் அளவு எண் இருக்காது. அடுத்த முறை வாங்கும்போது அதே பருமனில் அதே முறுக்கில் கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அதைவிட முக்கியமானது, அது பெரும்பாலும் முறுக்கிய நூல். 1825-ல் பிரான்சின் காம்பசெரெஸ் பின்னல் திரியைக் கொண்டுவரும்வரை, எரியும் மெழுகுவர்த்தியின் திரியை அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. முறுக்கிய திரி நேராக நின்று கருகிக்கொண்டே நீளும். பின்னிய திரி எரிய எரிய ஒரு பக்கமாக வளையும், அதன் நுனி சுடரின் வெளி ஓரத்துக்கு வந்து தானே சாம்பலாகிவிடும். குத்துவிளக்குக்குப் போடும் பஞ்சுத் திரி குவளை மெழுகுவர்த்திக்கு ஒத்துவராததும் இதனால்தான். விளக்கில் நாம் அவ்வப்போது தூண்டிவிடுகிறோம், இங்கே தூண்ட ஆள் இல்லை.

ஆகவே எண் போட்ட, பின்னிய பருத்தித் திரியை, அடியில் தகரத் தட்டு பொருத்தியதாகவே வாங்குங்கள். சோயாவுக்கும் சோயா கலவைக்கும் எக்கோ (ECO), சிடி (CD) என்ற இரண்டு திரி வரிசைகளும் நன்றாக வேலை செய்கின்றன. இரண்டிலும் எண் கூடக் கூடத் திரியின் பலம் கூடும். தட்டின் நடுவில் இருக்கும் குழல் 6 மி.மீ. உயரமாவது இருக்கட்டும். மெழுகு அந்த மட்டத்துக்கு இறங்கும்போது சுடர் தானே அணைந்துவிடும். குழல் இல்லாவிட்டால் அடிக் கண்ணாடியில் சுடர் நேராகப் படும், கண்ணாடி வெடிக்கலாம்.

ஆனால் திரியை இன்றே வாங்கிவிடாதீர்கள். மெழுகு, குவளை, வாசனை, நிறம் ஆகிய நான்கும் முடிவான பிறகுதான் திரியைத் தேட வேண்டும். இவற்றில் ஒன்றை மாற்றினாலும் தேடலை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். மல்லிகைக்குப் பொருந்திய திரி, அதே குவளையில் அதே மெழுகில் வெனிலாவுக்குத் திணறும். சந்தனம், வெனிலா போன்ற கனமான வாசனைகள் திரியை அடைக்கும், ஓர் எண் கூட்ட நேரிடும். வெனிலா மெழுகைப் பழுப்பாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், அதை வெள்ளையாக விற்க நினைக்காதீர்கள்.

மெழுகுக்கு வருகிறேன். சோயா மெழுகு புதிய சரக்கு. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்பவர், தேன்மெழுகுக்கு மலிவான மாற்றுத் தேடியபோது உருவாக்கியது. பனி கொட்டும் ஊர் அது. குவளைக்கென விற்கப்படும் சோயா மெழுகு பெரும்பாலும் 46 முதல் 50 டிகிரி செல்சியசுக்குள் உருகிவிடும். அங்கே அது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. ஈரோட்டில் சித்திரையில் வெளியே 40 டிகிரி என்றால், மூடிய கூரியர் வண்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மெழுகு இளகும்போது, அது பிடித்து வைத்திருந்த வாசனை எண்ணெய் மேலே வியர்த்து நிற்கும். உங்கள் வாடிக்கையாளர்கள் பார்த்தது இதைத்தான்.

அப்படியானால் முழுப் பாரஃபின் ஏன் கூடாது? நம் கடைகளில் கட்டியாகக் கிடைப்பது பெரும்பாலும் 58–60 டிகிரியில் உருகும் வகை. தனியே நிற்கும் வத்திக்கு அது அருமையான சரக்கு. குவளையில் ஊற்றினால் ஆறும்போது நன்றாகச் சுருங்கும். திரியைச் சுற்றிப் பள்ளம் விழும், கண்ணாடியை விட்டு அங்கங்கே விலகித் திட்டுத் திட்டாகத் தெரியும், இரண்டாம் முறை ஊற்றி நிரப்ப வேண்டிவரும். சோயா அவ்வளவு சுருங்காது, கண்ணாடியோடு ஒட்டி நிற்கும். அதன் குறை, மேலே உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் படலம் வருவது. கொழுப்புப் படிகங்கள் நாள்பட உருமாறுவதால் வருவது அது, எரிவதைக் கெடுக்காது. நிறம் போட்டால்தான் கண்ணை உறுத்தும். வெள்ளையாகவே விற்றுவிட்டால் பாதிப் புகார் குறையும்.

சமவெளி வெயிலுக்கு நான் சொல்லும் கலவை சோயா 70 பங்கு, 58–60 பாரஃபின் 30 பங்கு. பாரஃபின் கலவையைக் கெட்டிப்படுத்தும், வாசனையைக் காற்றில் நன்றாகப் பரப்பும், வெள்ளைப் படலத்தைக் குறைக்கும். பாரஃபினைப் பாதிக்கு மேல் ஏற்றினால் சுருக்கமும் பள்ளமும் திரும்பி வரும். இந்தக் கலவையும் சித்திரையில் கூரியர் வண்டிக்குள் இளகாது என்று உறுதி தர மாட்டேன், கசிவு குறையும், அவ்வளவுதான். சித்திரை, வைகாசி இரண்டு மாதங்களும் வாசனையை 5 சதவீதத்துக்கு இறக்கிவிடுங்கள்.

பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது, அது வேண்டாம் என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்களுக்காகச் சோயாவுடன் 5 முதல் 10 சதவீதம் தேன்மெழுகு சேர்க்கலாம். அது 62–64 டிகிரியில் உருகும், கலவையை நன்றாக இறுக்கும். ஆனால் உருகினாலும் குழகுழப்பாக இருப்பதால் திரியில் ஏறத் தயங்கும், ஓர் எண் பெரிய திரி கேட்கும். மலிவாகக் கிடைக்கும் தேன்மெழுகில் பாரஃபின் கலப்படம் சகஜம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரஃபின் வேண்டாம் என்று இதை வாங்கிப் பாரஃபினுக்கே கூடுதல் விலை கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் கெட்டியாகும் என்று கடைக்காரர் சொல்வார். வத்திக்கு அது சரி. குவளையில் அது மெழுகைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கத்தான் உதவும்.

ஒரு கிலோ மெழுகுக்கு அளவு இப்படி: சோயா 700 கிராம், பாரஃபின் 300 கிராம், வாசனை 60 கிராம். எல்லாவற்றையும் தராசில் எடைபோடுங்கள், அளவுக் குவளையில் அளக்காதீர்கள். மெழுகு தண்ணீரைவிட லேசானது, 200 மி.லி. பிடிக்கும் குவளையில் 170–180 கிராம்தான் போகும். அறை ஃபிரெஷ்னர், உடம்புக்குப் பூசும் சென்ட் இவற்றை ஊற்றாதீர்கள். அவற்றிலுள்ள ஆல்கஹாலும் தண்ணீரும் மெழுகோடு சேராது, தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. ஊதுபத்திக்கு விற்கும் வாசனையில் டி.இ.பி. என்ற, வாசனையை நீர்க்கச் செய்யும் திரவம் கலந்திருக்கும், மெழுகுக்கு என்று கேட்டே வாங்குங்கள். நிறத்துக்குக் குழந்தைகளின் கிரையான் வேண்டாம், அதன் நிறமித் துகள் கரையாமல் திரியை அடைக்கும்.

கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் மெழுகை உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். 80–85 டிகிரி வந்ததும் இறக்கி வாசனையை ஊற்றி, நுரை வராமல் இரண்டு நிமிடம் கலக்குங்கள். 60 டிகிரி சுமாருக்கு ஆறியதும் குவளையில் ஊற்றுங்கள். மெழுகு தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றினால் தீ சிதறி முகத்துக்கு வரும்.

இப்போது திரி. உங்கள் குவளைக்கும் இந்தக் கலவைக்கும் எக்கோ 8, 10, 12, 14 ஆகிய நான்கிலும் சிறு பொட்டலம் வாங்குங்கள். விற்பனையாளர் தரும் அட்டவணை 7.5 செ.மீ.க்கு 12 அல்லது 14 என்று காட்டலாம். அந்த அட்டவணைகள் பெரும்பாலும் 20–22 டிகிரி அறைகளில் சோதித்தவை. 33 டிகிரி அறையில் மெழுகு ஏற்கெனவே ஓரளவு சூடாகவே இருக்கும், திரி அவ்வளவு உழைக்க வேண்டியதில்லை. அதனால்தான் எட்டையும் சேர்க்கச் சொன்னேன். ஊட்டியிலிருந்து கேட்டிருந்தால் அட்டவணையையே நம்பச் சொல்லியிருப்பேன்.

ஒரே மாதிரியான நான்கு குவளைகளில், ஒரே பானை மெழுகை ஊற்றி, அடியில் திரி எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். இரண்டு வாரம் தொடாதீர்கள். சோயாக் கலவை இறுகி அமைய அந்த நாள்கள் வேண்டும், மறுநாளே ஏற்றிப் பார்த்து எடுக்கும் முடிவு பொய்த்துவிடும். பிறகு திரியை 6 மி.மீ.க்குக் கத்தரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள். விசிறிக் காற்றில் எந்தத் திரியும் கரி கக்கும், மெழுகு ஒரு பக்கமாகவே உருகும். (வாங்குபவர் வீட்டில் விசிறி ஓடாதா என்றால், ஓடும். அட்டையில் அச்சிட்டு ஒட்டுங்கள், வேறு வழியில்லை.)

நான்கு மணி நேரம் கழித்து அளவுகோலை வைத்து உருகிய மெழுகுக் குளத்தின் அகலத்தை அளந்து எழுதுங்கள். ஒரு ஈர்க்குச்சியை முக்கி ஆழத்தைப் பாருங்கள். ஆழம் 6 முதல் 12 மி.மீ. வரை, சுடர் 2 முதல் 3 செ.மீ. வரை இருப்பது நல்லது. நீங்கள் சறுக்கிய இடமும் இதுதான். முதல் நாளே விளிம்புவரை உருக வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள். அப்படி உருக்கும் திரி, மெழுகு இறங்கியபின் அளவுக்கு மீறிய திரியாகிவிடும். குவளையின் கீழ்ப்பாதியில் சுடரைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர், வெப்பம் வெளியே போகாது, புதுக் காற்றும் சரியாக இறங்காது. அதனால்தான் பாதிக்குக் கீழே போனதும் கரியும் சூடும். முதல் எரிப்பின் முடிவில் சுற்றிலும் 4, 5 மி.மீ. மெழுகு ஓரமாக நின்றால் மகிழ்ச்சி அடையுங்கள். கீழே இறங்கும்போது அந்தச் சூட்டில் அது தானே உருகி வழிந்துவிடும். இரண்டு, மூன்று எரிப்புகளுக்குப் பிறகும் சுவர் அப்படியே நின்றால்தான் திரி சிறியது.

ஆகவே அணைத்து, முழுக்க ஆறவிட்டு, மறுபடி கத்தரித்து, நான்கு நான்கு மணி நேரமாக அடி வரைக்கும் எரியுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் கடைசி இரண்டு எரிப்புகள்தான் தீர்ப்பு சொல்லும். அப்போது கண்ணாடியின் வெளிப்புறச் சூடு 60 டிகிரியைத் தாண்டும் திரியை, மற்றபடி எவ்வளவு அழகாக எரிந்தாலும் நீக்கிவிடுங்கள். இரண்டு திரிகள் தேறினால் சிறியதை எடுங்கள். உங்கள் குவளைக்குப் பத்தாம் எண் அமையும் என்பது என் ஊகம், சோதனை வேறு சொன்னால் சோதனையை நம்புங்கள்.

குவளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடி குறுகிய தேநீர்க் கிளாசில் கடைசிச் சூடு இன்னும் கடுமை, நேரான சுவருள்ளதே நல்லது. சுடாத தடித்த கண்ணாடி என்று எதையும் நம்பாமல் அளந்தே பாருங்கள். மெருகு பூசாத மண் கலயம் மெழுகை உறிஞ்சி வெளியே கசியவிடும். தேங்காய்ச் சிரட்டை பார்க்க அழகு, ஆனால் அது விறகு. விற்பனைக்குச் செய்யாதீர்கள். 10 செ.மீ. அகலத்துக்கு மேல் போனால் ஒரு பெரிய திரிக்குப் பதிலாக இரண்டு சிறிய திரிகள்.

இருபது குவளைகளை வீணாக்க வேண்டியதில்லை. கொதிநீர்ப் பாத்திரத்தில் குவளையோடு வைத்து மெல்ல இளக்கி, மெழுகைத் துணியில் வடித்து ஒன்றாகச் சேருங்கள். எடை போட்டு அதன் கணக்குக்குப் பாரஃபின் சேருங்கள். பழைய மெழுகில் வாசனை ஏற்கெனவே இருப்பதால், புதிதாகச் சேர்க்கும் பாரஃபின் எடைக்கு மட்டும் 6 சதவீதம் போதும். வெவ்வேறு வாசனைகளை ஒரே பானையில் கொட்டாதீர்கள், மல்லிகையும் எலுமிச்சைப் புல்லும் சேர்ந்தால் தரை துடைக்கும் திரவத்தின் மணம்தான் வரும். இந்த மெழுகை விற்பனைக்கு ஊற்றாமல், மேலே சொன்ன நான்கு திரிச் சோதனையைப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுத்த எண் கொண்ட திரியை மட்டும் புது மெழுகு ஊற்றிய ஒரு குவளையில் மறுபடி அடிவரை எரித்து உறுதி செய்த பிறகு, பெரிய பொட்டலமாகத் திரி வாங்கலாம்.