சவரக்கத்தி தீட்டும் வாருக்கு எந்தத் துணி நல்லம்?

கேள்வி இதுதான்: அப்பாவின் பழைய சவரக்கத்தி இருக்கிறது, தோல்வாரும் வாங்கியாயிற்று, அதோடு சேர்த்துக் கட்டும் துணிக்குக் கார் சீற் பெல்ட் போதுமா, மட்டக்களப்புப் பக்கம் வேறு என்ன கிடைக்கும்?

போதும், ஆனால் அது முதல் தெரிவு இல்லை தம்பி. சீற் பெல்ட் பொலியெஸ்டர். நெருக்கமான நெசவு, இழுத்தாலும் நீளாது, அதெல்லாம் உண்மைதான். குறை என்னவென்றால் அகலம் 2 அங்குலத்துக்கும் குறைவு, உங்கள் கத்தியின் வாயோ ஏறக்குறைய 3 அங்குலம். ஒவ்வொரு இழுப்பிலும் கத்தியைச் சாய்வாக நகர்த்தி வாய் முழுவதையும் துணியில் படவைக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு அங்கேதான் நுனியோ அடியோ தீட்டுப்படாமல் போகும். அதோடு பொலியெஸ்டர் ஈரத்தை உறிஞ்சாது. துணியின் முதல் வேலையே, கத்தி வாயில் மிஞ்சுகிற ஈரத்தையும் சவர்க்காரப் படலத்தையும் கண்ணுக்குத் தெரியாத துருவையும் துடைத்தெடுப்பது. வாயை வழவழப்பாக்குவது அதற்குப் பின் தோலின் வேலை. துணியைத் தவிர்த்தால் அந்த அழுக்கு எல்லாம் தோலில் போய்ப் படியும்.

முதல் தெரிவு தடித்த லினன். ஆளி நார் பருத்தியைவிட விறைப்பு, தும்பு குறைவு. சேர்ட்டுக்கு விற்கும் லினன் இதற்கு உதவாது. அது மெல்லியது, தொங்கவிட்டால் தொய்யும். தடித்த லினன் கிடைக்காவிட்டால் கவலைப்படத் தேவையில்லை, நல்ல பருத்திக் கன்வஸ் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும். சதுர யாருக்கு 12 முதல் 16 அவுன்ஸ், அதாவது சதுர மீற்றருக்கு 400 முதல் 540 கிராம் வரை எடையுள்ளதாகப் பாருங்கள். மெழுகோ றபரோ பூசிய தார்ப்பாய் வேண்டாம். சாக்குச் சணலும் வேண்டாம், இழை கரடு, தும்பு கொட்டும்.

காசு செலவழிக்காமல் என்றால் பழைய ஜீன்ஸ். இழுபடாத, முழுப் பருத்தி ஜீன்ஸாக இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே தையல் இல்லாத பகுதியை எடுங்கள். அங்கே பாவு நூல், அதாவது நெசவில் நீளவாக்கில் ஓடும் நூல், காலின் நீளத்துக்கு ஓடுகிறது, வாரும் அதே திசையில்தான் வர வேண்டும். எந்தத் துணியானாலும் கரையோரத்துக்கு இணையாக, பாவு நீளவாக்கில் வரும்படி வெட்டுங்கள். ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல், நீளவாக்கில் வந்தால் இழுக்க இழுக்க நீண்டு, நடு தொய்யும்.

கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். ஓரத்திலிருந்து ஒரு பாவு நூல், ஒரு ஊடை நூல், இரண்டையும் தனித்தனியே உருவி, குறட்டில் பிடித்து வெளியில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் லினனும் கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் நுனியில் கடினமான கறுப்பு மணியாக நிற்கும். ஒரு திசையில் பருத்தி, மறு திசையில் பொலியெஸ்டர் என்று நெய்த துணிகள் நிறைய வருகின்றன, அதனால்தான் இரண்டையும் பார்க்கச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் கேள்விக்கு வெளியே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மருதமுனையில் தறியில் இருந்து கையால் நெய்கிறவர்கள் இருக்கும்போது, மெஷினில் நெய்த கலப்புத் துணியைக் 'கைத்தறி, நூறு வீதம் பருத்தி' என்று சொல்லி விற்பது பெரிய அநியாயம். வாங்குகிறவனுக்கு நட்டம் ஒரு துணியோடு போய்விடும், நெசவாளிக்குப் போவது பிழைப்பு. கைத்தறிச் சாரன் துணி தனியே வாராகத் தொங்கவிட மெல்லியதுதான், அதை மறைக்கவில்லை. பலகையில் இழுத்து ஒட்டினால் அருமையாக வேலை செய்யும்.

துணியைவிட முக்கியம் அதைத் தயார்படுத்துவது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும். வெட்டுவதற்கு முன்பே, 4 லீற்றர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டு அரை மணி நேரம் அவியுங்கள். பருத்தி சுருங்கும், அதனால் வெட்டு பிறகுதான். இரண்டு மூன்று தரம் அலசி, கடைசி அலசலை மழைத்தண்ணீரிலோ குழாய்த்தண்ணீரிலோ செய்யுங்கள். கடலோரத்து உவர்க் கிணற்று நீரில் முடித்தால் இழைக்குள் உப்பு நிற்கும். அது ஈரத்தை இழுக்கும், காபன் உருக்குக் கத்தியில் கறுப்புப் புள்ளி விழும். கீழ் முனையில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்து, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே நல்ல சூட்டில் அயன் பண்ணுங்கள்.

பிறகு ஆறேகால் அங்குல அகலம், 24 அங்குல நீளத்துக்கு வெட்டி, இரு ஓரங்களையும் பின்பக்கம் மடித்து நடுவில் சந்திக்க விடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, ஏறினால் முன்பக்கம் மேடு தெரியும். பின்னால் கையால் குறுக்குத் தையல் போட்டால் 3 அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய, இரண்டு மடிப்பு வார் கிடைக்கும். முனைகளுக்குத் தோல்துண்டும் டி வளையமும் வைத்துத் தைக்கச் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுங்கள். தையல் நூல் கத்தி ஓடும் பகுதிக்குள் வரக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். கடைசியாக வழவழப்பான கண்ணாடிப் போத்தலால் நீளவாக்கில் அழுத்தி உருட்டுங்கள். விரல் நுனியில் தட்டுப்படும் நூல் முடிச்சைக் குறட்டால் எடுத்துவிடுங்கள்.

பாவிக்கும்போது துணியை மத்தளத் தோல்போல இறுக்கிப் பிடிக்க வேண்டும். கத்தியின் முதுகு முன்னே போக, வாய் பின்னே வர, திருப்பும்போது முதுகின்மேலேயே புரட்டி, துணியில் 20 இழுப்பு, தோலில் 50 இழுப்பு. கத்தியின் பாரம் போதும், அழுத்த வேண்டாம். துணி தொய்ந்தால் அது வாயைச் சுற்றி வளைந்து கூர்மையை மழுக்கும். அப்படி மழுங்கிய கத்தியை எத்தனை தரம் தோலில் இழுத்தாலும் சரிவராது, திரும்பக் கல்லுக்குத்தான் போக வேண்டும்.

கத்தி வாயை மெருகேற்றப் பூசும் தீட்டுப் பசை பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது பூசச் சொல்வார்கள். இந்தத் துணியில் எதுவும் பூசாதீர்கள். 3 அங்குல அகலம், 12 அங்குல நீளப் பலகையில் வேறு துணி ஒட்டி, அதில் மட்டும் 0.5 மைக்ரோன் குரோமியம் ஒக்சைட்டு. கத்தி மந்தமாகும்போது 5 முதல் 10 இழுப்பு. ஹாட்வெயார் கடையில் விற்கும் பச்சை மெருகுக் கட்டி பலவற்றில் அதைவிடப் பருமனான அலுமினியம் ஒக்சைட்டும் கலந்திருக்கும், அது வாயைக் கீறும்.

துணியே வேண்டாம், உள்ளங்கையில் தீட்டினால் போதும் என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: பழகிய கைக்கு அது சரி. கேட்டவர் இப்போதுதான் தொடங்குகிறார்.

வாரைக் குளியலறையிலோ, கடற்காற்று மணலை அள்ளிவரும் விறாந்தையிலோ தொங்கவிடாதீர்கள். மணலில் உள்ள குவாட்ஸ் துகள் ஒன்று துணியில் ஏறினாலும் கத்தி வாயில் பல் விழும். கார்த்திகை, மார்கழி மழையில் துணியில் பூஞ்சணம் பிடித்தால் திரும்பவும் சோடாவில் அவித்து, அயன் பண்ணுங்கள். சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைத்து, துணியில் 10 இழுப்பு இழுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் பூசி வையுங்கள். அடுத்த முறை வாரில் வைப்பதற்கு முன் அந்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.