மீதி 5 வந்தது, சரி, அந்த 5 எது?

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் நீள் வகுத்தலை ஓரளவு நன்றாகவே செய்கிறாள். ஆனால் வாக்கியக் கணக்கு வந்தால் "ஈவு 72, மீதி 5" என்று எழுதிவிட்டு அதோடு நிறுத்திவிடுகிறாள். சில கணக்குக்கு விடை 73 என்கிறார்கள், சிலவற்றுக்கு 72. எப்போது எது என்று எனக்கும் விளக்கத் தெரியவில்லை. அடிக்கடி ஈவில் பூஜ்யத்தை வேறு விட்டுவிடுகிறாள். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

பதில்: முதலில் ஒன்று. "இந்த மாதிரி கேட்டால் ஈவோடு ஒன்றைக் கூட்டு, அந்த மாதிரி கேட்டால் மீதியை விட்டுவிடு" என்று விதியாகச் சொல்லித் தராதீர்கள். கேள்வியில் ஒரு வார்த்தை மாறினால் போதும், மனப்பாடம் செய்த விதி கைவிட்டுவிடும். அவள் வகுத்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 72 எது, 5 எது?

437 பேர் ஒரே சமயத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும், ஒரு படகில் 6 பேர்தான் ஏறலாம், எத்தனை படகு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 437ஐ 6ஆல் வகுத்தால் ஈவு 72, மீதி 5. இதில் 72 என்பது நிரம்பிய படகுகள், 5 என்பது இடம் கிடைக்காமல் கரையில் நிற்கிற ஆட்கள். ஒன்று படகு, இன்னொன்று ஆள். இதை அவளே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அப்புறம் நீங்கள் விளக்கவே வேண்டாம், ஐந்து பேரைக் கரையில் விட்டுவிட்டு 72 போதும் என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. விடை 73.

அதே எண்களை வைத்து இன்னொன்று கேளுங்கள். 437 சக்கரங்கள் இருக்கின்றன, ஒரு வண்டிக்கு 6 சக்கரம், எத்தனை வண்டிகளுக்கு முழுதாகப் பொருத்தலாம்? 72தான், மிச்சம் இருக்கிற 5 சக்கரத்தை வைத்து இன்னொரு வண்டியை ஓட்ட முடியாது. எத்தனை சக்கரம் மிஞ்சும் என்று கேட்டால் அந்த 5தான் விடை. மீதி மட்டுமே விடையாக வரும் கணக்குகள் குழந்தைகளுக்குப் பிடிக்கும்: இன்று திங்கள், 437 நாள் கழித்து என்ன கிழமை? 7ஆல் வகுத்தால் 62 வாரம், மீதி 3 நாள். 62 வாரம் கழித்தும் திங்கள்தான், அதிலிருந்து மூன்று நாள் தள்ளினால் வியாழன்.

கயிறு விஷயம் வேறு. 437 சென்டிமீட்டர் கயிற்றை 6 சம துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம்? இங்கே 72ம் சென்டிமீட்டர், 5ம் சென்டிமீட்டர், அதுவும் வெட்டக்கூடிய பொருள், அதனால் அந்த 5ஐயும் ஆறு பங்காக்கலாம். ஒரு துண்டு 72 சென்டிமீட்டரும் அதோடு ஒரு சென்டிமீட்டரில் 5/6 பங்கும். இந்த இடத்தில் பல பிள்ளைகள் 72.5 என்று எழுதிவிடுவார்கள். மீதியைத் தூக்கிப் புள்ளிக்குப் பின்னால் போடுவது தப்பு, 72.5 என்றால் எழுபத்திரண்டரை, நமக்கு வேண்டியதோ ஏறக்குறைய 72.83.

உங்கள் மகள் மட்டும் இப்படி என்று நினைத்து வருத்தப்படாதீர்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நடந்த தேசிய மதிப்பீட்டில், ஒரு பஸ்ஸில் 36 பேர் என்றால் 1128 படைவீரர்களுக்கு எத்தனை பஸ் வேண்டும் என்று கேட்டார்கள். சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள், ஆனால் 32 என்று விடை எழுதியவர்கள் 23 சதவீதம்தான். "31, மீதி 12" என்று நிறுத்தியவர்கள் அவர்களைவிட அதிகம்! வகுக்கத் தெரிவதும் விடையைக் கேள்வியோடு பொருத்திப் பார்ப்பதும் வேறு வேறு திறமைகள், இரண்டாவதற்குத் தனியாகப் பழக்கம் வேண்டும்.

இப்போது அந்த பூஜ்யம். அவள் வகுக்கும்போது இலக்கங்களை வெறும் இலக்கங்களாகப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். 437இல் 4 என்பது நாலு நூறு. ஆறு பேருக்கு ஆளுக்கொரு நூறு கொடுக்க முடியாது, அதனால் அதைப் பத்துகளாக மாற்றினால் 43 பத்து. ஆளுக்கு 7 பத்து கொடுத்தால் ஒரு பத்து மிஞ்சும், அதை ஒன்றுகளாக்கி இருக்கிற 7ஐச் சேர்த்தால் 17, ஆளுக்கு 2, மிச்சம் 5. கவனித்தீர்களா, ஒவ்வொரு படியிலும் ஒரு மீதி வருகிறது, அதைச் சின்ன அலகாக மாற்றித்தான் மேலே போகிறோம். கயிற்றின் 5 சென்டிமீட்டரை இன்னும் பங்கிடுவதும் இதே வேலைதான், 50 மில்லிமீட்டர் என்று மாற்றிக்கொண்டு தொடரலாம்.

இப்படிச் சொல்லிக்கொண்டே 824ஐ 8ஆல் வகுக்கச் சொல்லுங்கள். நூறுகள், ஆளுக்கு 1. பத்துகள் இரண்டுதான், ஆளுக்கு ஒன்றுமில்லை, அந்த இடத்தில் 0 எழுது. அப்புறம் 24 ஒன்றுகள், ஆளுக்கு 3. விடை 103. பூஜ்யத்தை விட்டால் 13 ஆகிவிடும், 8 பேருக்கு 13 என்றால் மொத்தமே 104தானே என்று அவளே பிடித்துவிடுவாள். வகுக்கும் முன்பே "விடை நூறுக்கு மேலா, கீழா?" என்று கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

சரிபார்க்க, ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால் பழைய எண் வர வேண்டும். மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், இது கண்டிப்பு. பெரிய வகுப்புக்குப் போகும்போது ஒரு இடத்தில் மட்டும் உஷார்: 700ஐ 40ஆல் வகுக்கச் சொன்னால் பூஜ்யங்களை அடித்துவிட்டு 70ஐ 4ஆல் வகுப்பார்கள், ஈவு 17 சரியாகவே வரும், ஆனால் மீதி 2 என்று எழுதுவார்கள். அந்த 2 என்பது இரண்டு பத்து, உண்மையான மீதி 20.

வீட்டுப் பயிற்சிக்கு இருபது கணக்கு கொடுக்காதீர்கள். ஒரே ஒரு வகுத்தலைக் கொடுத்து, அதற்கு ஈவு விடையாக வருகிற மாதிரி ஒரு கதை, ஒன்று கூடுதலாக வருகிற மாதிரி ஒன்று, மீதி மட்டும் விடையாக வருகிற மாதிரி ஒன்று என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். விடையை எண்ணாக மட்டும் விடாமல் "73 படகுகள் வேண்டும்" என்று முழு வாக்கியமாக எழுத வையுங்கள். பின்னம் வருகிற கயிற்றுக் கணக்கை இப்போதே கட்டாயப்படுத்த வேண்டாம், பின்னம் அவளுக்குப் பழகியபின் பார்த்துக்கொள்ளலாம்.